டு போடுவதா, இங் போடுவதா? தமிழ்க் காதை வைத்துத் தீர்மானிக்க ஒரு முழு வழிகாட்டி

"ஐ வான்ட் டு ரீட்" சரி, "ஐ வான்ட் ரீடிங்" தவறு. "ஐ என்ஜாய் ரீடிங்" சரி, "ஐ என்ஜாய் டு ரீட்" தவறு. ஏன் என்று கேட்டால் பெரும்பாலான இலக்கணப் புத்தகங்கள் இரண்டு நீளமான பட்டியல்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். தேர்வுக்கு முந்தின இரவில் அந்தப் பட்டியல் கைகொடுக்கும். நேர்முகத் தேர்வில் வாய் திறந்து பேசும்போது அது ஞாபகத்துக்கு வராது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. "சொல்ல மறந்தேன்" என்பதும் "சொன்னதை மறந்தேன்" என்பதும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, ஆனாலும் தெரியும். ஆங்கிலத்தில் இதே வேறுபாடுதான் டு என்றும் இங் என்றும் பிரிகிறது. பல இடங்களில் தமிழ் வாக்கியத்தைக் கவனித்தாலே விடை அதற்குள் இருக்கும். சில இடங்களில் தமிழ் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். எது எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

முதல் படி: இரண்டு வடிவங்களையும் அடையாளம் காணுங்கள்

இன்ஃபினிடிவ் என்பது "டு கோ", "டு ஈட்", "டு ரைட்" போன்றது. சில இடங்களில் டு இல்லாமல் வெறும் "கோ", "ஈட்" என்றும் வரும். ஜெரண்ட் என்பது "கோயிங்", "ஈட்டிங்", "ரைட்டிங்" என இங் சேர்ந்து, பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்பது.

நம் இலக்கணத்தில் முதலாவதற்கு நெருக்கமானது செய என்னும் வாய்பாட்டு எச்சம்: போக, சாப்பிட, எழுத. இரண்டாவதற்கு நெருக்கமானது தொழிற்பெயர்: போதல், சாப்பிடுவது, எழுதியது. தொழிற்பெயர் வேற்றுமை உருபு ஏற்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். போவதை, போவதில், போவதால் என்றெல்லாம் சொல்லலாம். "போக" என்பதோடு எந்த உருபையும் ஒட்ட முடியாது. ஆங்கில ஜெரண்டும் அப்படித்தான், பெயர்ச்சொல் உட்காரும் எல்லா நாற்காலியிலும் அது உட்காரும். அடுத்த படிக்கு இது அடிப்படை.

இரண்டாம் படி: முன்னால் பிரிபொசிஷன் இருக்கிறதா என்று பாருங்கள்

இதை முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இங்கே யோசிக்கவே வேண்டியதில்லை. இன், ஆன், அட், ஆஃப், ஃபார், பை, வித்தௌட், அபௌட், ஆஃப்டர், பிஃபோர் ஆகியவற்றுக்குப் பின்னால் வினை வந்தால் இங்தான். "ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்" என்றால் கற்பதில் ஆர்வம். "ஷி லெஃப்ட் வித்தௌட் டெல்லிங் எனிஒன்" என்றால் யாரிடமும் சொல்லாமல் போனாள். "யூ இம்ப்ரூவ் பை பிராக்டிசிங்" என்றால் பயிற்சி செய்வதால் முன்னேறுவாய். தமிழில் -இல், -ஆல், -ஐப் பற்றி என்று உருபோ சொல்லுருபோ ஒட்டும் இடத்தில் ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் நிற்கிறது. "பட்", "எக்ஸெப்ட்" ஆகிய இரண்டுக்குப் பின்னால் மட்டும் சில வாக்கியங்களில் வெறும் வினை வரும்: "ஹி டஸ் நத்திங் பட் கம்ப்ளெயின்", குறை சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

சிக்கல் டு என்ற சொல்லில்தான். ஆங்கிலத்தில் டு இரண்டு வேலை பார்க்கிறது. "டு கோ" என்பதில் அது இன்ஃபினிடிவின் அடையாளம். "ஐ வென்ட் டு த மார்க்கெட்" என்பதில் அது பிரிபொசிஷன், நம்முடைய கு உருபு மாதிரி. "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு" என்று முடியும்போது அது எந்த டு?

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. டு-வுக்குப் பின்னால் "இட்" அல்லது ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்" என்று சொல்ல முடிகிறது, எனவே அது பிரிபொசிஷன், பின்னால் இங் வேண்டும்: "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". "ஐ வான்ட் டு த ஹாலிடேஸ்" என்று சொல்ல முடியாது, எனவே அங்கே டு இன்ஃபினிடிவ். வேலைக்கான விண்ணப்பங்களின் கடைசி வரியில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். "சந்திக்க ஆவலாக இருக்கிறேன்" என்ற தமிழ்தான் இழுத்துவிடுகிறது. இந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொண்டாலே கடிதத்தின் மதிப்பு கூடும்.

இதே வகையில் வரும் மற்றவை: "அப்ஜெக்ட் டு", "கமிட்டட் டு", "டெடிகேட்டட் டு", "வித் எ வியூ டு", அப்புறம் "பீ யூஸ்ட் டு".

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்போம். "ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி" என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி" என்றால் சீக்கிரம் எழுந்து எனக்குப் பழக்கம். ஒன்றில் ஆம், இஸ், ஆர் போன்ற துணைவினை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இருந்தால் இங், இல்லாவிட்டால் வெறும் வினை. தமிழில் "எழுவேன்" என்றும் "எழுந்து பழக்கம்" என்றும் இரண்டு வேறு வடிவங்கள் வருவதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் இது மறுபடி வரும்.

மூன்றாம் படி: நோக்கத்தைச் சொல்கிறீர்களா?

எதற்காக ஒரு காரியம் செய்தீர்கள் என்று சொன்னால் டு. "ஐ கேம் டு ஆஸ்க் யூ சம்திங்", ஒன்று கேட்க வந்தேன். "ஷி வென்ட் டு சென்னை டு அட்டெண்ட் அன் இன்டர்வியூ", நேர்முகத் தேர்வுக்காகச் சென்னை போனாள்.

தமிழில் "கேட்பதற்காக வந்தேன்" என்றும் சொல்வோம். அந்த -ஆக என்பதை அப்படியே ஃபார் ஆக்கி "ஐ கேம் ஃபார் ஆஸ்கிங்" என்றால் தவறு. இப்படி ஃபார் வாயில் வந்தால் மனதுக்குள் "கேட்க வந்தேன்" என்று சுருக்கிச் சொல்லிப் பாருங்கள். சுருக்க முடிந்தால் டு.

ஃபார் போட்டு இங் வரும் இடமும் உண்டு. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது: "திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃப்ரூட்". ஏற்கெனவே நடந்ததற்குக் காரணம் சொல்லும்போது: "தேங்க் யூ ஃபார் கமிங்", வந்ததற்கு நன்றி. இங்கே "வர நன்றி" என்று சுருக்க முடியாது, பாருங்கள்.

நான்காம் படி: முன்னால் நிற்கும் வினையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

பட்டியல் மனப்பாடம் செய்யச் சொல்லும் இடம் இதுதான், தமிழ் மிகவும் உதவும் இடமும் இதுதான்.

முதலில் அடிப்படைப் போக்கு. டு பெரும்பாலும் முன்னால் பார்க்கும். ஆங்கிலத்தில் அது முதலில் திசை காட்டும் சொல், பிறகுதான் வினையோடு சேர்ந்தது. "கடைக்கு" என்பதில் உள்ள கு "வாங்குவதற்கு" என்பதிலும் இருப்பதைப்போல. எனவே இனி நடக்க வேண்டிய செயலோடு டு நன்றாகப் பொருந்தும்: வான்ட், ஹோப், பிளான், டிசைட், அக்ரீ, ஆஃபர், பிராமிஸ், ரெஃப்யூஸ், எக்ஸ்பெக்ட். இங் செயலை ஏற்கெனவே நடந்த ஒன்றாகவோ, நடந்துகொண்டிருக்கும் ஒன்றாகவோ, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு விஷயமாகவோ காட்டும்: என்ஜாய், ஃபினிஷ், கீப், அட்மிட், டினை, மிஸ்.

இது போக்குதான், சட்டமில்லை. அவாய்ட், போஸ்ட்போன், கன்சிடர், சஜெஸ்ட் எல்லாம் இன்னும் நடக்காத செயலைப் பற்றியவை, ஆனால் இங் கேட்கின்றன. காலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இவற்றில் சறுக்குவோம். எனவே காலத்தோடு தமிழ் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

தமிழில் "செய்ய" வடிவம் வந்தால் பெரும்பாலும் டு. போக முடிவு செய்தேன்: "டிசைடட் டு கோ". உதவ முன்வந்தார்: "ஆஃபர்ட் டு ஹெல்ப்". வாங்கத் திட்டமிட்டோம்: "பிளான்ட் டு பை". வரத் தவறினான்: "ஃபெயில்ட் டு கம்".

"செய்வதை" அல்லது "செய்ததை" வந்தால் பெரும்பாலும் இங். பேசுவதைத் தவிர்த்தாள்: "அவாய்டட் டாக்கிங்". போவதைத் தள்ளிவைத்தோம்: "போஸ்ட்போன்ட் கோயிங்". வீடு மாறுவதைப் பற்றி யோசிக்கிறோம்: "கன்சிடரிங் மூவிங்". காலத்தை வைத்துப் பார்த்து சறுக்கிய சொற்கள் இங்கே நேராகிவிடுவதைப் பாருங்கள்.

"செய்து" வடிவம் வந்தாலும் இங். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் அவ்வளவு பயனுள்ளது. எழுதி முடித்தேன்: "ஃபினிஷ்ட் ரைட்டிங்". பேசிக்கொண்டே இருந்தான்: "கெப்ட் டாக்கிங்". பேசிப் பழகு: "பிராக்டிஸ் ஸ்பீக்கிங்". அழுது பயனில்லை: "இட் இஸ் நோ யூஸ் க்ரையிங்". முன்பு பார்த்த "எழுந்து பழக்கம்" என்பதும் இந்த வரிசைதான்.

"செய்வதாக" என்று வருங்காலத்தில் வந்தால் டு. வருவதாக வாக்குக் கொடுத்தார்: "பிராமிஸ்ட் டு கம்". விலகுவதாக மிரட்டினார்: "த்ரெட்டண்ட் டு ரிசைன்".

இப்போது தமிழில் ஒரே வினை, ஆங்கிலத்தில் இரண்டு வினை ஆகும் இரண்டு அழகான இடங்கள். "சொல்ல மறுத்தான்" என்றால் "ரெஃப்யூஸ்ட் டு டெல்". "சொன்னதை மறுத்தான்" என்றால் "டினைட் டெல்லிங்". "வர ஒப்புக்கொண்டான்" என்றால் "அக்ரீட் டு கம்". "எடுத்ததை ஒப்புக்கொண்டான்" என்றால் "அட்மிட்டட் டேக்கிங்". நாம் எச்சத்தையும் தொழிற்பெயரையும் மாற்றி வித்தியாசம் காட்டுகிறோம். ஆங்கிலம் வினையையும் மாற்றி, பின்னால் வரும் வடிவத்தையும் மாற்றுகிறது. இந்த இரண்டு ஜோடிகளையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பழகினால் நான்கு வினைகள் ஒரே நேரத்தில் கைவசமாகும்.

தமிழ் ஏமாற்றும் இடங்கள்

இவற்றை மட்டும் தனியாக மனதில் வைக்க வேண்டும். பட்டியல் சிறியதுதான்.

"படிக்கத் தகுந்த புத்தகம்" என்று நாம் சொன்னாலும் ஆங்கிலத்தில் "வொர்த் ரீடிங்". "புரிந்துகொள்ளச் சிரமப்பட்டேன்" என்றாலும் "ஐ ஹேட் டிஃபிகல்ட்டி அண்டர்ஸ்டேண்டிங்". "பாட்டுக் கேட்கப் பிடிக்கும்" என்பதை லைக் என்று சொன்னால் இரண்டும் சரி, என்ஜாய் என்று சொன்னால் இங் மட்டும்தான்.

"நீந்தத் தெரியும்" என்பது இன்னொரு கண்ணி. "ஐ நோ டு ஸ்விம்" என்று நம்மூரில் சகஜமாகக் கேட்கலாம், ஆனால் "ஐ நோ ஹவ் டு ஸ்விம்" என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஹவ் இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. இன்னும் சுலபம் "ஐ கேன் ஸ்விம்".

சஜெஸ்ட் விஷயத்தில் தவறுவதுதான் மிக அதிகம். "டாக்டர் என்னை ஓய்வெடுக்கப் பரிந்துரைத்தார்" என்பதை வைத்து "த டாக்டர் சஜெஸ்டட் மீ டு ரெஸ்ட்" என்று எழுதிவிடுவோம். சஜெஸ்ட் என்ற வினை இப்படி ஆளையும் டு-வையும் சேர்த்து ஏற்காது. "த டாக்டர் சஜெஸ்டட் ரெஸ்டிங்" என்றோ "சஜெஸ்டட் தட் ஐ ரெஸ்ட்" என்றோ சொல்லலாம். ஆளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டுமென்றால் அட்வைஸ் என்ற வினை இருக்கிறது: "அட்வைஸ்ட் மீ டு ரெஸ்ட்". தமிழிலேயே "ஓய்வெடுக்கலாம் என்றார்" என்று மாற்றி யோசித்தால் சஜெஸ்ட் சரியாக வரும்.

மேனேஜ், பிரிடெண்ட் இரண்டிலும் தமிழ் வடிவம் வேறு மாதிரி இருக்கும், ஆங்கிலத்தில் டு. எப்படியோ முடித்துவிட்டேன்: "மேனேஜ்ட் டு ஃபினிஷ்". தூங்குவதுபோல நடித்தான்: "பிரிடெண்டட் டு பி அஸ்லீப்".

ஐந்தாம் படி: இரண்டும் வரும், பொருள் மாறும்

சில வினைகளுக்குப் பின்னால் டு, இங் இரண்டும் வரலாம், ஆனால் வாக்கியத்தின் பொருளே வேறாகிவிடும். ஆங்கிலப் பாடத்தில் மாணவர்கள் மிகவும் பயப்படும் பகுதி இது. தமிழருக்கு இது மிகச் சுலபமான பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரிமெம்பர், ஃபர்கெட். "ஐ ஃபர்காட் டு லாக் த டோர்": கதவைப் பூட்ட மறந்துவிட்டேன், பூட்டவில்லை. "ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் த சீ ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்": முதன்முதலில் கடலைப் பார்த்ததை மறக்கவே மாட்டேன், பார்த்தாயிற்று. "ரிமெம்பர் டு லாக் த டோர்" என்றால் மறக்காமல் பூட்டு. "ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்" என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. பூட்ட, பூட்டியது என்ற வேறுபாடு அப்படியே டு, இங் ஆகிறது. சாவி கையில் இல்லாமல் வாசலில் நிற்கும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம்!

ஸ்டாப். "ஹி ஸ்டாப்ட் டு டாக்": பேச நின்றான், நடந்துகொண்டிருந்தவன் பேசுவதற்காக நின்றான். "ஹி ஸ்டாப்ட் டாக்கிங்": பேசுவதை நிறுத்தினான், வாயை மூடிக்கொண்டான். முதலாவது உண்மையில் மூன்றாம் படியில் பார்த்த நோக்கம்தான்.

டிரை. இது எனக்கு மிகவும் பிடித்தது. "ஐ டிரைட் டு ஓபன் த விண்டோ": ஜன்னலைத் திறக்க முயன்றேன், அது திறக்காமலும் இருந்திருக்கலாம். "ஐ டிரைட் ஓபனிங் த விண்டோ": ஜன்னலைத் திறந்து பார்த்தேன், திறந்தது, ஆனால் புழுக்கம் குறைந்ததா என்பது வேறு கேள்வி. "செய்ய முயல்" என்றால் டு, "செய்து பார்" என்றால் இங். டிரை பண்ணு என்று தமிழில் கலந்து பேசும்போதே "ஓபன் பண்ண டிரை பண்ணேன்", "ஓபன் பண்ணிப் பார்த்தேன்" என்று நாம் சரியாகப் பிரித்துத்தான் சொல்கிறோம்.

ரிக்ரெட். "வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ" என்பது வேலை கிடைக்காதவர்களுக்கு வரும் கடிதத்தின் முதல் வரி: தெரிவிக்க வருந்துகிறோம், இனிமேல்தான் செய்தி வருகிறது. "ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்": அவனிடம் சொன்னதற்காக வருந்துகிறேன். சொல்லி முடித்து, விளைவும் வந்தாயிற்று.

கோ ஆன். "ஹி வென்ட் ஆன் டாக்கிங்" என்றால் பேசிக்கொண்டே போனார். "ஹி வென்ட் ஆன் டு டாக் அபௌட் டாக்சஸ்" என்றால் ஒரு விஷயத்தை முடித்து அடுத்ததாக வரிகளைப் பற்றிப் பேசினார். செய்து வடிவம் மறுபடி இங் பக்கம்.

மீன், நீட் இரண்டும் கொஞ்சம் வேறு. "ஐ டிட்ன்ட் மீன் டு ஹர்ட் யூ" என்றால் காயப்படுத்த நினைக்கவில்லை. "டேக்கிங் திஸ் ஜாப் மீன்ஸ் லீவிங் ஹோம்" என்றால் இந்த வேலையில் சேர்ந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். நீட் விஷயத்தில் எழுவாயைப் பாருங்கள். "ஐ நீட் டு வாஷ் த ஷர்ட்" என்பதில் துவைப்பது நான். "த ஷர்ட் நீட்ஸ் வாஷிங்" என்பதில் சட்டை துவைக்கப்பட வேண்டியது, அங்கே இங் செயப்பாட்டுப் பொருள் தருகிறது.

ஆறாம் படி: நடுவில் ஒரு ஆள் வந்தால்

"ஐ வான்ட் ஹிம் டு கோ", "ஷி ஆஸ்க்ட் மீ டு வெயிட்", "தே அலவ்ட் அஸ் டு லீவ்" என ஆள் வந்தபின் பெரும்பாலும் டு. தமிழில் போகச் சொன்னாள், காத்திருக்கக் கேட்டாள் என்ற அதே "செய்ய" வடிவம்.

லெட், மேக் ஆகிய இரண்டுக்கும் டு கிடையாது. "மை மதர் மேட் மீ ஈட்", அம்மா என்னைச் சாப்பிட வைத்தாள். "லெட் மீ ஸ்பீக்", என்னைப் பேச விடு. வை, விடு என்று தமிழில் துணைவினையாக வரும் இடம் இது என்று ஞாபகம் வைத்தால் போதும். ஹெல்ப் என்ற வினைக்கு டு போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

அலவ், பர்மிட், அட்வைஸ் ஆகியவற்றில் ஆள் இல்லாவிட்டால் இங் வரும்: "தே டோன்ட் அலவ் பார்க்கிங் ஹியர்". ஆள் வந்தால் டு: "தே டோன்ட் அலவ் அஸ் டு பார்க் ஹியர்".

கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது வெறும் வினையும் வரும், இங்-கும் வரும். "ஐ சா ஹிம் க்ராஸ் த ரோட்" என்றால் அவன் சாலையை முழுவதும் கடந்ததைப் பார்த்தேன். "ஐ சா ஹிம் க்ராசிங்" என்றால் கடந்துகொண்டிருந்தபோது பார்த்தேன், மறுபக்கம் போய்ச் சேர்ந்தானா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை.

ஏழாம் படி: மிச்சம் இருப்பவை

லைக், லவ், ஹேட், ஸ்டார்ட், பிகின், கன்டின்யூ ஆகியவற்றுக்கு இரண்டும் சரி. பெரிய வித்தியாசம் இல்லை, இதற்காகக் கவலைப்பட வேண்டாம். "வுட் லைக்" மட்டும் எப்போதும் டு. ஏற்கெனவே ஒரு இங் இருந்தால் அடுத்ததற்கு டு போடுவது காதுக்கு நன்றாக இருக்கும்: "இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்".

வாக்கியம் வினையிலேயே தொடங்கினால் இங் இயல்பு: "வாக்கிங் இஸ் குட் ஃபார் யூ". டு போட விரும்பினால் இட்-டை முன்னால் வைத்து "இட் இஸ் குட் டு வாக்" என்று சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் போன்ற மாணவர் அகராதிகளில் அந்த வினையைத் தேடுங்கள். அர்த்தத்துக்குப் பக்கத்திலேயே "அவாய்ட் டூயிங் சம்திங்", "டிசைட் டு டூ சம்திங்" என்று அமைப்பைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். அர்த்தம் தெரிந்த சொல் என்றாலும் இதற்காக ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒரு பயிற்சி

கீழே உள்ளதை ஆங்கிலத்தில் நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டு விடைக்குப் போங்கள்.

அண்ணன் சிகரெட் பிடிப்பதை நிறுத்த முடிவு செய்தார். சூயிங் கம் மென்று பார்த்தார். தினமும் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை. நேற்று அலாரம் வைக்க மறந்துவிட்டார். ஒரு சிகரெட் பிடித்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் இன்னொன்று வாங்க மறுக்கிறார்.

முதல் வாக்கியம் "ஹி டிசைடட் டு ஸ்டாப் ஸ்மோக்கிங்". நிறுத்த என்பதால் டு, பிடிப்பதை என்பதால் இங், ஒரே வாக்கியத்தில் இரண்டும். அடுத்தது "ஹி டிரைட் சூயிங் கம்", மென்று பார்த்தார் என்பதால். டாக்டர் விஷயத்தில் "த டாக்டர் சஜெஸ்டட் வாக்கிங் எவ்ரி டே", சஜெஸ்ட் என்பதால் நடுவில் ஹிம் வராது. "ஹி இஸ் நாட் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி" என்பதில் இஸ் இருப்பதால் டு-வுக்குப் பின்னும் இங். "யெஸ்டர்டே ஹி ஃபர்காட் டு செட் த அலார்ம்", வைக்க மறந்தார், வைக்கவில்லை. "ஹி அட்மிட்டட் ஸ்மோக்கிங் ஒன் சிகரெட்" என்பது நடந்து முடிந்தது. கடைசி வாக்கியத்தில் "மறுத்தார்" என்றவுடன் டினை என்று போட்டிருந்தால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்: வாங்க மறுக்கிறார், எனவே "ஹி ரெஃப்யூசஸ் டு பை அனதர்".